பொட்டு வைத்த உரல்

செப்டம்பர் 22, திங்கள்

சென்னியப்பன் சாரின் கால் கட்டைவிரலை இன்றும் பார்க்க நேர்ந்தது. மேசைக்கடியில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு துண்டு, துண்டின் மேல் அந்த விரல். சிவந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. நகத்தோரம் தோல் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலை வெளுத்துக் கட்டியிருப்பார்.

“மங்கை, இதப் பாரு கண்ணு. போர்வை பட்டாலே உசுரு போகுது.”

என் நெறியாளர் அவர். நான் மாத அறிக்கையைக் கொடுக்கப் போனவள். தின்ற இட்லி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவரோ என் எதிரிலேயே இழுப்பறையைத் திறந்து மாத்திரை ஒன்றை விழுங்கினார். கோல்சிசின். மூட்டில் இறங்கிய வாதத்துக்கு அதுதான் மருந்து. இனி நாளை மதியம்வரை கழிப்பறையில்தான் இருப்பார். அந்த மருந்தின் குணம் அப்படி. அளவு கொஞ்சம் கூடினால் ஆளையே கொண்டுபோய்விடும்.

ஆறு வருடமாக நான் தேடுவதும் இந்த மாத்திரையைத்தான். மருந்துக் கடையில் கிடைக்கிறதே என்று அம்மா கேட்பாள். கடையில் கிடைக்கிறது. செங்காந்தள் செடி அதை எப்படிச் செய்கிறது என்பது முழுதாக யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 24, புதன்

உயிரி தொழில்நுட்பம் என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் ஞாபகத்துக்கு வருபவர்களை இங்கே ஒரு நாள் கூட்டிவந்து நிறுத்த வேண்டும். மெர்காப்டோஎத்தனால் பாட்டிலைத் திறந்தால் சாக்கடை அடைத்துக்கொண்ட வீடு மாதிரி நாற்றம். பாக்டீரியா வளர்க்கும் குடுவையில் ஊசிப்போன கூழின் வாடை. புகையிலைச் செடியைத் தொட்டால் கை பிசுபிசுக்கிறது, அதிலேயே வெள்ளை ஈ ஒட்டிக்கொண்டு சாகிறது. விடுதிக்குப் போய் அதே கையால் சாப்பிட வேண்டும்.

வேலை இதுதான். செங்காந்தளிலிருந்து ஒரு ஜீனை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைக்கிறேன். அந்த பாக்டீரியாக் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் புகையிலை இலையின் அடிப்பக்கம் அழுத்தி ஏற்றுகிறேன். இலை நனைந்து கறுக்கிறது. ஐந்து நாளில் புகையிலை தனக்குத் தெரியாத ஒரு நொதியைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும். அப்போது இலைக்குக் கோல்சிசினுக்கு ஒரு படி முந்தைய பொருளை ஊட்ட வேண்டும். நொதி சரியானதாக இருந்தால் அதைக் கோல்சிசினாக மாற்றும். இலையைப் பீங்கான் உரலில் அரைத்து, மூலக்கூறுகளை எடைபோட்டுக் காட்டும் மாஸ் ஸ்பெக் எந்திரத்தில் விட்டால், கோல்சிசின் இருக்கிற இடத்தில் வரைபடத்தின் கோடு கூம்பாக எழும். அந்தக் கூம்புக்குப் பெயர் பீக். இதுவரைக்கும் எனக்கு ஒன்றுகூட எழவில்லை.

டிசம்பரோடு என் முனைவர் பட்டப் பதிவுக் காலம் முடிகிறது. நீட்டிப்பு கிடையாது என்று சார் சொல்லிவிட்டார். பீக் வரவில்லையென்றால் பட்டமும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

பசுங்குடிலில் செங்காந்தள் பூத்துவிட்டது. பார்க்க வருகிறவர்களெல்லாம் ‘ஆகா’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பூவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தச் செடி யாருக்கும் மருந்து செய்யவில்லை. செடியால் ஓட முடியாது, கடிக்க முடியாது, வாய்விட்டுத் திட்டவும் முடியாது. அதனால் விஷம் சமைக்கிறது. ஆரம்பச் சரக்கு இரண்டே அமினோ அமிலங்கள், நம் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற அதே சரக்கு. ஒரு நொதி ஒன்றின் ஓரத்தை நறுக்கும். இன்னொன்று இரண்டையும் சேர்த்துக் கட்டும். வேறொன்று ஆறு மூலை வளையத்தைப் பிளந்து ஏழு மூலையாக்கும். மனிதன் சோதனைக் குழாயில் அதைச் செய்யப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு நொதிக்கு ஒரு வேலைதான். நம் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, பக்கத்து மேசைக் காகிதத்தைத் தொடாது. முதல் படிகளை வெளிநாட்டில் கண்டுபிடித்தாகிவிட்டது. கடைசியில் வந்து ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டிவிட்டுப் போகிற அந்த ஒரு நொதிதான் என் தலைவிதி.

சந்தேகப் பட்டியலில் இன்னும் இரண்டு ஜீன்கள் மிச்சம். ஒன்றை இன்று மூன்று இலைகளில் ஏற்றினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

தமயந்தி நாள் முழுக்கப் பசுங்குடிலில். இவள் என் ஜூனியர், கோபிச்செட்டிபாளையத்துக்காரி, எதைப் பார்த்தாலும் சிரிப்பு. செங்காந்தளில் விதை பிடிக்க வேண்டுமென்றால் கையால்தான் மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும். தொட்ட பூவுக்கெல்லாம் சிவப்பு நூலில் அட்டை கட்டி எண் எழுதுகிறாள்.

“அக்கா, ஒவ்வொண்ணுக்கும் காது குத்தி விடற மாதிரி இருக்குதுக்கா.”

தள்ளி நின்றுகொண்டேன். அவள் டிபன் பாக்ஸில் கருவாடு.

இரவு அம்மா தென்காசியிலிருந்து பேசினாள். “ஏட்டி மங்கை, சரசுவதி பூசைக்கு ஒன் சாமான் எதையாவது சாமிக்கு முன்ன வையி. ஒரு பூ வச்சுக் கும்பிட்டா கொறஞ்சா போயிருவ?” மங்கையர்க்கரசி என்று பேர் வைத்துவிட்டால் பக்தி தானாக வந்துவிடும் என்று நினைத்தவள். பதினேழு வயதில் நான் கோயிலுக்குள் நுழைவதை நிறுத்தினேன். அதைப் பற்றி இந்த நிறுவனத்தில் எல்லோரிடமும் வாதாடியிருக்கிறேன். சாரிடம்கூட.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. சகிக்கவில்லை.

கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மாஸ் ஸ்பெக் எந்திரத்தின் நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம். ஃப்ரீசருக்கு மாலை. வாசலில் உடைத்த பூசணிக்காயின் சதையை மிதித்து வழுக்கினேன், செருப்பெல்லாம் விதையும் நாரும். பொரியும் கடலையும் தரையில் இறைந்து, அதில் எறும்பு. ஆய்வகத்துக்குள் எறும்பு! இதே கூட்டம்தான் நாளைக்குத் தூய்மையைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்கும்.

ஏற்பாடெல்லாம் பொன்னுரங்கம் அண்ணன். எங்கள் உதவியாளர், ஒப்பந்த வேலை. ஒவ்வொருவர் சாமானையும் கழுவித் துடைத்துப் படத்துக்கு முன் வரிசையாக வைத்திருந்தார். சிவப்புப் பெயின்ட்டில் ‘ம’ என்று எழுதிய என் பீங்கான் உரலும் அதில் இருந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்து வைத்தார். அதன் வயிற்றில் ஒரு பொட்டு.

மணியடித்தபோது நான் வெளியே போகன்வில்லா பக்கம் நின்றுகொண்டேன். எல்லோரும் சாப்பிடப் போனபிறகு உள்ளே போனேன். சாவியை வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்கத்தான் போனேன், வேறொன்றுமில்லை.

நகக்கண்ணில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தச் சந்தனமாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி, காந்தி ஜெயந்தி, விடுமுறை. ஆனால் நல்ல நாளில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. இலைகளும் தயார்.

நான்தான் முதலில் வந்தேன். வாடிக் கிடந்த பூக்களையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டேன். சாமான்களைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்தபோது சார் நொண்டிக்கொண்டே வந்தார்.

“பொட்ட அழிச்சராத கண்ணு. அது தானாப் போகோணும்.”

எனவே உரலைக் கழுவவில்லை. உள்ளே மட்டும் காகிதத்தால் ஒரு துடைப்பு. மூன்று இலைகளையும் என் உரலில் அரைத்தேன். ஜீன் ஏற்றாத இலைகளை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தமயந்தி அவள் உரலில் அரைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

வந்துவிட்டது.

மூன்று இலையிலும் பீக். கோல்சிசின் எங்கே எழ வேண்டுமோ அங்கே. தமயந்தி அரைத்த இலைகளில் ஒன்றுமில்லை, கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. இதைவிடத் தெளிவான முடிவு கிடையாது.

சார் செருப்பில்லாமல் ஓடிவந்து என் தலையில் கைவைத்து அழுதார். மூக்கைச் சிந்திய அதே கை. தமயந்தி கட்டிப்பிடித்துக் குதித்தாள், வியர்வை நாற்றம். பொன்னுரங்கம் அண்ணன் வாங்கிவந்த ஜாங்கிரியின் பாகு என் கீபோர்டில் சொட்டியது. எனக்கும் கண் கரித்தது. மெர்காப்டோஎத்தனால் பாட்டிலை யாரோ சரியாக மூடவில்லை.

“மிச்ச வரைபடத்தையும் பாக்கலாமாக்கா? வேற என்னென்ன இருக்குதுன்னு?” என்றாள் தமயந்தி.

தேவையில்லை என்றேன். தேடியது கிடைத்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

தமயந்தி பசுங்குடிலிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அட்டை கட்டிய பூவில் ஒன்றைக் காணோமாம். காம்போடு கிள்ளியிருக்கிறதாம்.

காக்கா கொத்தியிருக்கும் என்றேன்.

“வலை போட்ட குடிலுக்குள்ள எப்படிக்கா காக்கா வரும்?”

இவளுக்கு வேறு வேலை இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஹைதராபாத் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியாயிற்று. முதல் பெயர் என்னுடையது. தமயந்தியின் பழைய தலைப்பை சார் கைவிடச் சொல்லிவிட்டார். இனி என் ஜீனை ஈஸ்ட்டுக்குள் வைத்து, கோல்சிசினை ஈஸ்ட்டே தயாரிக்கும்படி செய்வதுதான் அவள் ஆய்வு. பட்டம் வாங்கும்வரை அதுதான். சந்தோஷத்தில் என் காலைத் தொடக் குனிந்தாள். சட்டென்று விலகிக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தென்காசி. தீபாவளி. எண்ணெய், சீயக்காய், கந்தக நெடி, தலைவலி.

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். “எம் மக செடிக்குள்ள இருக்க மருந்து சூத்திரத்தக் கண்டுபுடிச்சிட்டா.” பக்கத்து வீட்டுக்காரி தன் முழங்காலைக் காட்டினாள்.

அடுப்படியில் அம்மா மெதுவாகக் கேட்டாள். “சாமிக்கு முன்ன ஏதும் வச்சியாட்டி?”

இல்லை என்றேன். இன்னொரு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

தமயந்தியின் ஈஸ்ட்டில் பீக் இல்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஈஸ்ட் வேறு, இலை வேறு. மறுபடி செய் என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மூன்றாவது தடவையும் இல்லை. ஆய்வகம் முழுக்கப் புளித்த மாவு நாற்றம். மகளிர் கழிப்பறையில் அவள் அழுத சத்தம் கேட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள், யாருக்கும் கேட்காது என்ற நினைப்பு. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிறாள். கேட்கவே அருவருப்பாக இருந்தது. கதவுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். குழாயில் தண்ணீர் வீணாகப் போகிறதே என்றுதான்.

நவம்பர் 12, புதன்

சார் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார். “மங்கை கையில வந்தது உங்கையில ஏன் வரமாட்டீங்குது? செய்யறதச் சுத்தமாச் செஞ்சாத்தான வரும். வேணாம்னா ஊருக்குப் போயி மஞ்சக்காடு பாத்துக்க.”

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டு, “எம்மேலதான் சார் தப்பு” என்றாள்.

எழுந்து கழிப்பறைக்குப் போனேன். வாந்தி எடுத்தேன்.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. சாரின் மாத்திரை! மாத்திரையைத் தொட்ட கையோடு அவர் என் இலைகளைத் தொட்டிருந்தால்? உரல் பக்கம் வந்து நின்றாரே. அந்த ஆள் கையைக் கழுவுகிற லட்சணம் எனக்குத் தெரியும். இதை நினைத்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கூசுகிறது.

மாத்திரையில் கோல்சிசின் மட்டும்தான் இருக்கும். அதனால் அக்டோபர் மாதத்து வரைபடத்தை முழுதாகத் திறந்தேன். முதல் தடவையாக.

கோல்சிசின் மட்டும் இல்லை. சர்க்கரை ஒட்டிய அதன் தங்கச்சி கோல்சிகோசைட் இருக்கிறது. மெத்தில் கழன்ற இன்னொன்றும் இருக்கிறது. ஒற்றை நொதியை வைத்துக்கொண்டு புகையிலை இதையெல்லாம் செய்யவே முடியாது. மொத்தக் குடும்பமும் ஒன்றாக இருக்கிறதென்றால் அது செங்காந்தளிலிருந்து நேராக வந்தது. கிழங்கிலிருந்தோ, விதையிலிருந்தோ, பூவிலிருந்தோ.

என் ஜீன் ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அதே ஜீன், புது இலைகள், புது உரல். ஏற்றியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ஒன்றுமில்லை. கோடு படுத்துக் கிடக்கிறது.

பழைய உரலில் வெறும் ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்கி அதையும் எந்திரத்தில் விட்டேன். மெருகு போன பீங்கான், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளை. இத்தனை நாள் கழித்தும் சின்னதாக ஒரு பீக் எழுந்தது. குடும்பம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

பேசாமல் இருந்துவிடலாம். டிசம்பரில் பட்டம் வந்துவிடும். தமயந்தி இன்னும் இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டுத் தனக்குக் கை வரவில்லை என்று போய்விடுவாள். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். சீ.

நவம்பர் 21, வெள்ளி

வாரக் கூட்டம். தமயந்தி பேச எழுந்தாள். நான் அவளை உட்காரச் சொன்னேன்.

“சார், அந்த பீக் பொய். பூசையன்னைக்கு என் உரலுக்குள்ள செங்காந்தள் பூ இருந்திருக்கு. கழுவாம அரைச்சிட்டேன். தமயந்தி மேல ஒரு தப்பும் இல்ல.”

இரண்டு வரைபடங்களையும் போட்டுக் காட்டினேன். சார் ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியதில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. மாநாட்டுச் சுருக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது. திரும்பி வாசலைப் பார்த்தார். பொன்னுரங்கம் அண்ணன் டீத் தட்டோடு நின்றிருந்தார்.

“யோவ், உரலுக்குள்ள பூ வெச்சியா?”

“செவ்வந்திதானுங்க சார் வாங்கியாந்தேன். எல்லாத்துக்கும் வெளியாலதானுங்க வெச்சேன்.”

“பசுங்குடில் சாவி உங்கிட்டத்தான இருக்குது? ஆறு வருச வேலையக் கெடுத்துட்டு நிக்கற. இந்த மாசத்தோட நீ வேற எடம் பாத்துக்க.”

தட்டு ஆடியது. டீ வழிந்து அவர் விரலெல்லாம் நனைந்தது. சுட்டிருக்கும், ஆனால் தட்டை அவர் கீழே வைக்கவில்லை.

“சார், பூ வச்சது நான்தான்.”

தமயந்தி திரும்பினாள். “நீங்களாக்கா?”

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் பயந்திருக்கிறேன். பட்டம் போவதைச் சொல்லிவிடலாம், ஜீன் தோற்றதையும் சொல்லிவிடலாம். இதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபின், அண்ணன் மாட்டிவைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு பசுங்குடிலுக்குப் போனதை. ஒரு பூவைக் கிள்ளி அட்டையைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டதை. உரலுக்குள் அதை வைத்து மகரந்தம் ஒட்டிய கையோடு கும்பிட்டதை. செவ்வந்தி போதாதென்று, எந்தப் பூவில் விஷம் இருக்கிறதோ அந்தப் பூவே வேண்டுமென்று நினைத்த என் அறிவை. கேவலம்.

சார் என்னையே பார்த்தார். “சாமியே இல்லீன்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்தவதான நீ?”

“ஆமா சார்.”

“என்னன்னு வேண்டிக்கிட்ட?”

“பீக் வரணும்னு.”

குனிந்து தன் கால் விரலைப் பார்த்தார்.

“அதான் வந்துச்சில்ல கண்ணு” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நவம்பர் 24, திங்கள்

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. நீட்டிப்பு இல்லையென்று சார் மறுபடி சொன்னார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பொன்னுரங்கம் அண்ணன் வேலையில் இருக்கிறார். எனக்கும் டீ கொடுத்தார். சர்க்கரை போட்டிருந்தார். டீயில் எனக்குச் சர்க்கரை பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். குடித்தேன்.

தமயந்தி பழைய தலைப்புக்கே திரும்பிவிட்டாள். பசுங்குடிலில் காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அட்டையைக் கொடுத்தேன், சிவப்பு நூலோடு. வாங்கிக்கொண்டு, “காக்கா திருப்பிக் குடுத்துருச்சா?” என்றாள். மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

பட்டியலில் கடைசி ஜீன். மூன்று இலைகளில் ஏற்றினேன். கை பிசுபிசுக்கிறது.

டிசம்பர் 3, புதன்

நாளை அரைக்க வேண்டும். புது உரலில்தான்.

பழைய உரலை வீணாக்க மனமில்லை, அமிலம் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினேன். அறை முழுக்க நெடி. மூன்றாவது தடவை கழுவியபின் எந்திரத்தில் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை, சுத்தம். கவிழ்த்துக் காயவைத்திருக்கிறேன், புது உரலுக்குப் பக்கத்தில்.

வெளிப்பக்கம் அந்தப் பொட்டு அப்படியே இருக்கிறது. அதைத் தேய்க்க நேரமில்லை.